ஒரே மெஷின், வேறு சட்டம்

எங்கள் அண்ணி எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் தன் தங்கச்சியிடம் கொண்டுபோய் நிறுத்துவாள். "என் தங்கச்சி இருக்கிற நாட்டுல..." என்று அவள் ஆரம்பித்தாலே அண்ணன் சத்தமில்லாமல் வாசலுக்கு நழுவிவிடுவான். எனக்கு நழுவ இடமில்லை. தையல் மெஷினை இன்னும் கொஞ்சம் வேகமாக மிதிப்பேன்.

அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே ஹோட்டல் கம்பெனியில்தான் வேலை. அண்ணி இங்கே, தங்கச்சி கடல் தாண்டி. இரண்டு இடத்திலும் சலவைக்கூடம், அதே நீல யூனிஃபார்ம், படுக்கை விரிப்புகளை இழுத்துச் சூட்டில் தேய்த்து வெளியே தள்ளும் அதே பெரிய உருளை மெஷின். ஞாயிற்றுக்கிழமை போனில் ஒப்பிட ஆரம்பித்தால் ஓய மாட்டார்கள். அங்கே உடம்பு சரியில்லை என்று படுத்தாலும் சம்பளம் உண்டு, இங்கே படுத்தால் முறைப்பு மட்டும் உண்டு. அங்கே ஆளை நிறுத்துவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இங்கே கேட்டில் காவலாளி தடுத்தால்தான் விஷயமே தெரியும். ஒரே ஒரு விஷயத்தில் எங்கள் கை மேலே, பிரசவ விடுப்பு. ஆனால் அண்ணிக்கு அந்த வயது தாண்டிவிட்டது. கேட்டுக் கேட்டு அவள் பாதி அந்த நாட்டுக்காரியாகவே ஆகிவிட்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியமே அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டாள். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு சூட்டுக் காயம். முகத்தில் மட்டும் பரீட்சையில் ஜெயித்தவள் களை.

உருளைக்கு முன்னால் ஒரு பட்டை இருக்கும். கை தவறி அதில் பட்டால் மெஷின் அந்த நொடியே நிற்க வேண்டும். அன்று அண்ணியின் சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. பட்டையை அழுத்தினாள். உருளை நிதானமாக இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. துணி கிழிந்ததால் கை தப்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சிக்குப் போன் போட்டாள். "இங்கன்னா அப்படியே விட்டுட்டு வெளிய வந்துடலாம்க்கா. ஆபத்துன்னா வேலை செய்ய வேணாம்னு சட்டமே இருக்கு. சம்பளத்தைக்கூடப் பிடிக்க முடியாது" என்றாள் அவள். அண்ணி ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"யார்கிட்ட சொல்லிட்டு வந்த?" என்று கேட்டான் அண்ணன்.

"யார்கிட்ட சொல்லணும்? அதே கம்பெனி, அதே மெஷின். சட்டம் மட்டும் வேறயாவா இருக்கும்?"

அண்ணன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. என் தையல் கூலி காய்கறிக்குச் சரியாகப் போய்விடும். வீடு ஓடியது அண்ணியின் சம்பளத்தில்தான். பக்கத்துத் தெருவில் இருந்த தொழிற்சங்கக்காரரைப் போய்க் கையோடு அழைத்து வந்தேன்.

அவர் காயத்தைப் பார்த்தார், கதையைக் கேட்டார், தலையைச் சொறிந்தார். "அம்மா, இங்கயும் அந்த உரிமை இருக்கு. ஆனா நடைமுறை வேற. அங்க சொல்லிட்டுப் போகலாம். இங்க மேல இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு, மெஷின் பக்கத்துலயே நிக்கணும். சொல்லாம கிளம்பினா, வேலையை நீங்களே விட்டதா எடுத்துக்குவாங்க."

அண்ணியின் முகத்தில் இருந்த களை அப்போதே இறங்கிவிட்டது. சனிக்கிழமை முழுக்க ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் மணி அடித்தால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், எடுக்க யாருக்கும் கை வராது. என் கோபமெல்லாம் கண்காணாத அந்தத் தங்கச்சி மேல்தான். ஊருக்கு உபதேசம் செய்ய அவளுக்கென்ன, சொகுசாக உட்கார்ந்திருக்கிறாள் என்று வாய்விட்டே திட்டினேன். அண்ணி மறுத்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிறு மாலை சூப்பர்வைசரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம். "காய்ச்சல்னு சொல்லிடுங்கம்மா, நான் லீவுல போட்டுக்கறேன். மெஷின் பேச்சு மட்டும் எடுக்காதீங்க."

"சரி சார்" என்றாள் அண்ணி. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணன் போய்ப் படுத்துவிட்டான்.

திங்கட்கிழமை அவள் போனாள். காய்ச்சல் என்றே சொல்லி உள்ளே நுழைந்தாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். மெஷின் முன்னால் போனதும், சூப்பர்வைசரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், பட்டை சரியா வேலை செய்யல. நான் இங்கயேதான் இருக்கேன். ஆனா கை வைக்க மாட்டேன்" என்றாளாம். சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் கெஞ்சினார், மிரட்டினார், மேனேஜரை அழைத்து வந்தார். அவள் நகரவில்லை. மெஷினின் எதிர்முனையில் விரிப்பைப் பிடிக்கும் பெண் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மெக்கானிக் வந்து பட்டையை மாற்றினார்.

இதெல்லாம் எங்களுக்கு அவள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அதுவரை நாங்கள் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. கால் வீங்கி நடக்க முடியாமல் வந்தவள், உட்கார்ந்ததும் முதலில் தங்கச்சியைத்தான் ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் பெருமையாகக் கேட்டாள்: "உங்க நாட்டுல இவ்வளவு நேரம் நிக்கவே வேணாம், இல்லடீ? நீ வெளிய போனப்ப என்ன சொன்னாங்க?"



"நான் போனதில்லக்கா" என்றாள் தங்கச்சி. "சட்டம் இருக்கு. இந்த ஊர்க்காரங்க போவாங்க. எனக்கு விசாவே கம்பெனி கையில."

"அப்ப உன் மெஷின்? அதுல பட்டை நல்லா இருக்கில்ல?"

"இதுவும் ஒரு சுத்து சுத்திட்டுத்தான்க்கா நிக்குது."