குழாயில் புகுந்த காத்து

புக்கிட் செருனி தோட்டத்துப் பம்பு ஒருமுறை இருமினால், மூன்று மைல் தள்ளி சுங்கை லாலாங்கில் பல் விளக்கிக்கொண்டிருக்கும் இஞ்ஞாசிமுத்துவுக்குத் தொண்டை கமறும். இதை நம்பாதவர் அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கிடையாது. ஜப்பான்காரன் துருப்பிடிக்கப் போட்டுவிட்டுப் போன பம்புக்கு உயிர் கொடுத்தவர் அவர். ஐந்து வருஷமாக அதைக் கட்டி மேய்ப்பவரும் அவர்தான். இருந்தும் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. வெளிக் கான்ட்ராக்ட் ஆள். தொழிலாளர் லயத்தில் வீடு கிடையாது, அரிசிப் பங்கீடு கிடையாது.

அவசரகாலம் வந்து, லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி எழும்பியபின், துரை கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுப் பாஸ்தான் அவரை உள்ளே விட்டது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கைச் சோறுகூடப் போகக்கூடாது என்பது சட்டம். கேட்டில் காவல் நின்ற ஜைனல் ஒருநாள் இஞ்ஞாசிமுத்துவின் மீசையைச் சோதித்து, அதில் ஒளிந்திருந்த பருக்கையைப் பிடித்துவிட்டான். ஒற்றைப் பருக்கைதான். கதை லயத்தின் கடைசி வீட்டை எட்டியபோது அது கால் படி அரிசி ஆகியிருந்தது.

அந்தப் பருக்கை லூர்து மேரியின் கஞ்சிப் பருக்கை.

லூர்து மேரி ஆயாக் கொட்டகைக்காரி. தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபின் நாற்பது பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுபவள். புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவன், திரும்பவில்லை. நடுப்பகலில் மூடி போட்ட மங்குக் கிண்ணத்தில் கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்து பம்பு வீட்டு வாசலில் வைப்பாள். அவர் குடித்து முடிக்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். லயத்தில் பெரியவர் சின்னவர் எல்லாரும் அவரை ‘இஞ்ஞாசியண்ணே’ என்றுதான் கூப்பிட்டார்கள். லூர்து மேரி மட்டும் ‘பம்புக்காரரே’ என்பாள். ஒருநாள்கூட வாய்தவறி ‘அண்ணே’ வந்ததில்லை. இஞ்ஞாசிமுத்து பம்பின் இருமலைக் கவனித்ததுபோலவே இதையும் கவனித்திருந்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்படியிருக்கும்போதுதான், ஐம்பத்திரண்டாம் வருஷம், பினாங்குக் கம்பெனி ஒன்றிடம் துரை புது எஞ்சினும் பம்பும் வாங்கினார். பச்சை வர்ணம் பூசிய எஞ்சின் லாரியில் வந்தது. கூடவே மோரிஸ் என்ற இளம் மிஸ்திரியும் மூன்று ஆட்களும் வெள்ளைக் காற்சட்டையில் வந்தார்கள். வந்ததும் எஞ்சினைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இஞ்ஞாசிமுத்து உட்காரும் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து அதன்மேல் தங்கள் ஸ்பானர்களைப் பரப்பினார்கள். அவருடைய சாமான் பை கதவுக்கு வெளியே போனது.

“அண்ணே, நீங்க வெளி ஆளு லா,” என்றான் மோரிஸ், சந்தையில் கற்ற அரைகுறைத் தமிழில். “கம்பெனி சாமான். நீங்க தொட்டா கேரண்டி போயிடும்.”

“நான் தொடல தம்பி. எட்ட நின்னு பாக்குறேன்.”

“பாக்குறதும் வேணாம்.”

அதோடு போகவில்லை. இனி மூன்று வருஷத்துக்குப் பம்பு மராமத்தும் கம்பெனிக்கே என்று துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். சனிக்கிழமையோடு இஞ்ஞாசிமுத்துவின் பாஸ் முடிகிறது. வேலை போனால் பெண்டாங்கில் நெல் ஆலை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பாஸ் போனால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அந்தக் கிண்ணம். அதை நினைத்தபோது மட்டும் அவருக்குத் தொண்டை கமறியது. அன்று பம்பு இருமவேயில்லை.

வியாழக்கிழமை புது எஞ்சினைக் கிளப்பினார்கள். சிங்கம்போல் முழங்கியது. தண்ணீர் மட்டும் வரவில்லை. லயத்துக் குழாய் இரண்டு தும்மல் தும்மி, கால் வாளி துப்பி, நின்றுவிட்டது. மோரிஸ் எஞ்சினைக் கழற்றினான், மாட்டினான். மறுபடி கழற்றினான். ஆறு வேலிக்கு வெளியே. போய் மொண்டு வரவும் முடியாது. ஆயாக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளின் அணைத்துணியும் மலைபோல் குவிந்தது. அந்த வாடைக்கு ஜைனலே காவலை இருபது அடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை துரை வந்தார், கூடவே ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம். அலோர் ஸ்டாரில் இங்கிலீஷ் படித்தவர். ஆனால் இருட்டில் வாழைமரத்துக்குக்கூட வணக்கம் சொல்லிவிட்டு நடப்பவர்.

வெளியே நின்ற இஞ்ஞாசிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “கிராணியாரே, எஞ்சின் மேல குத்தமில்ல. உள்ள காத்து பூந்திருக்கு. அது வெளிய போற வரைக்கும் தண்ணி ஏறாதுன்னு தொரைகிட்ட சொல்லுங்க.”

கிராணியாரின் முகம் வெளுத்தது. “காத்தா? எப்பலேருந்து?”

“எனக்குத் தெரிஞ்சு அஞ்சு வருசமா. நான் அப்பப்போ கட்டி வச்சிருவேன்.”

“கட்டி வச்சிருந்தீங்களா!” கிராணியார் இரண்டடி பின்வாங்கி, இந்த ஆள் ஐந்து வருஷமாக ஒரு பேயைக் கட்டி வைத்திருந்ததாகவும், இப்போது அது எஞ்சினுக்குள் இறங்கிவிட்டதாகவும் துரையிடம் சுத்தமான இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

துரை சிரித்தார். மோரிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஹந்து கான்ட்ராக்டர்!” என்றான் துரை பக்கம் திரும்பி, மலாயில்; பேய்க் கான்ட்ராக்டர். எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இஞ்ஞாசிமுத்துவும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்து வைத்தார். அரைமணி நேரத்தில் செய்தி லயத்துக்குப் போய், முனியாண்டிக்குச் சேவல் அறுக்க வசூல் தொடங்கிவிட்டது.

லூர்து மேரி இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. “நீங்க வேதக்காரரு, கோயிலுக்குப் போறவரு. காத்து கருப்புன்னு பேசலாமா? ஊரே சிரிக்குது.”

“காத்து கருப்பா?” அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “அட கர்த்தரே! லூர்து, நான் சொன்னது வெறும் காத்து. சைக்கிள் டயருக்கு அடிக்கிறோமே, அந்தக் காத்து!”

லூர்து மேரி ஒரு கணம் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு, கயிற்றைத் தாண்டி நேராக மோரிஸ் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சந்தை மலாய் தெரியும்.

“துவான் மோரிஸ்! அங்கின்! பூக்கான் ஹந்து. அங்கின்!” கையால் சைக்கிளுக்குக் காற்றடித்துக் காட்டினாள். “பேயில்ல, காத்து! டயர் காத்து!”

மோரிஸின் சிரிப்பு பாதியில் நின்றது. “அங்கின்? பைப்லயா? எங்க?”

இஞ்ஞாசிமுத்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலியோரம் கூட்டிப்போனார். ஆற்றிலிருந்து வரும் பழைய குழாய் முள்கம்பிக்குக் கீழே வளைந்து உள்ளே நுழையும் இடத்தில் ஒரு மூட்டு. கம்பெனி ஆட்கள் தங்கள் எஞ்சினைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிள்ளையை மோரிஸிடம் கொடுத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்து, எஞ்சினை ஓட்டச் சொல்லி, புகையை மூட்டுக்குப் பக்கத்தில் ஊதினார். புகை மேலே போகவில்லை. வளைந்து, மெலிந்து, மூட்டின் விரிசலுக்குள் சுருட்டிக்கொண்டு போனது. அந்த நேரம் லயத்துக் குழாயில் பீடி வாசனை வந்தது என்று சத்தியம் செய்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவருக்கு இருமலே வந்ததாம்.

சணல் நாரும் வெள்ளை ஈயப் பசையும் வைத்து இறுகக் கட்டினார். கால்மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. பிள்ளை மோரிஸின் வெள்ளைக் காற்சட்டைக்குத் தன் பங்கையும் கொடுத்திருந்தது.

“சாரி லா, அண்ணே,” என்றான் மோரிஸ், நனைந்தபடி. தகரத்தின் மேலிருந்த ஸ்பானர்களை எடுத்துவிட்டு, அதைத் துடைத்து அவர் உட்காரப் போட்டான்.

ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். சனிக்கிழமை பாஸைத் திருப்பிக் கொடுக்க இஞ்ஞாசிமுத்து ஆபீசுக்குப் போனார். கிண்ணத்தைத் திருப்பி வாங்கும் சாக்கில் லூர்து மேரியும் பின்னாலேயே வந்தாள்.

செய்த காரியம் உறுத்த, கிராணியார் புதிய பாஸ் தாள் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். “பம்பு வேலைன்னு இனிமே எழுத முடியாது. உள்ள வர வேற காரணம் ஏதும் இருக்கா?”

இஞ்ஞாசிமுத்து தன் கால் கட்டை விரலை உற்றுப் பார்த்தார்.

“கஞ்சி குடிக்கன்னு எழுதுங்க,” என்றாள் லூர்து மேரி.

“அதுக்குப் பாஸ் கெடையாதும்மா. தோட்டத்து ஆளுக்குச் சொந்தக்காரரா இருக்கணும். இவரு யாருக்கு என்ன சொந்தம்?”

லூர்து மேரி கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். “அஞ்சு வருசமா இந்த லயமே இவர அண்ணேன்னு கூப்புடுது. நான் ஒருநாளும் கூப்புட்டதில்ல. கிராணியாரு படிச்சவரு. அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே இங்கிலீசுல எழுதிக்குங்க.”

கிராணியார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவை சரியாக மொழிபெயர்த்தார்.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். நாலாவது வாரம் இஞ்ஞாசிமுத்துவின் பெயர் லயத்துப் பட்டியலில், லூர்து மேரியின் பெயருக்கு நேராக, ‘புருஷன்’ என்று ஏறியது. அதற்குப் பிறகு அவர் மீசையை யாரும் சோதிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நடுப்பகலில், வீட்டுக்குள் அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரம், பச்சை எஞ்சின் லேசாக இருமியது. பழக்கதோஷத்தில் எழுந்தார்.

“உக்காருங்க,” என்றாள் லூர்து மேரி, இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றிக்கொண்டே. “அது கம்பெனிக் காத்து.”