நாற்பது வாட்ச்சும் ஒரு தாழ்ப்பாளும்

கிர்ர்ர்.

நேற்று ராத்திரி, வியாழக்கிழமைக் கோயில் கூட்டமெல்லாம் கலைந்து விவேக் நகரில் எங்கள் தெரு அடங்கிய பிறகு, சமையலறையிலிருந்து கேட்ட சத்தம் இது. எலி இல்லை. ஃபிரிட்ஜும் இல்லை. வாட்ச் டிசைன் செய்கிறவளுக்குத் தூக்கத்திலும் அடையாளம் தெரிகிற சத்தம். பேட்டரி போடாத ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குள் அரைவட்டமாக ஒரு தகடு இருக்கும். வாட்ச்சை அசைத்தால் அது சுற்றும், அசைக்காவிட்டால் சும்மா கிடக்கும். சமையலறையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் நாற்பது வாட்ச். வீட்டில் நானும் இரண்டரை வயது ஜெனியும் மட்டும். ஜெனி என் கையின் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். அப்படியானால் பெட்டியை அசைத்தது யார்?

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு என் பாடு புரியும். முதலிலிருந்தே சொல்கிறேன்.

பெயர் வைத்தது

பெங்களூரில் வாட்ச் பைத்தியம் பிடித்த நாற்பது பேருக்கு ஃபோனில் ஒரு குரூப். பெரும்பாலும் ஐ.டி. பையன்கள். தங்களுக்கென்று ஒரு வாட்ச் செய்துகொள்ள ஆசைப்பட்டு, டயல் வரைய என்னைப் பிடித்தார்கள். அல்சூர் ஏரிக்குச் சாயங்காலம் ஒரு நிறம் வருமே, பச்சையுமில்லாமல் சாம்பலுமில்லாமல், அதைத்தான் டயலுக்குப் பூசினேன். பெயர் வைக்கத்தான் மூன்று வாரம் சண்டை. ஒருவர் தன் பைக்கின் செல்லப்பெயரைச் சொன்னார். இன்னொருவர் தன்னை விட்டுப்போன பெண்ணின் பெயரையே சொன்னார். அதற்கும் ஆறு ஓட்டு விழுந்தது.

டயல் அச்சுக்குப் போக ஒரு ராத்திரிதான் பாக்கி. ஜெனிக்கு ஜுரம். பொறுமை போய், "ஏரி" என்று நானே எழுதி அனுப்பிவிட்டேன். குரூப்பை நடத்தும் ஈரோட்டுக்காரர் சுந்தர் உடனே ஃபோன் செய்தார். "ஏரின்னு பேர் வச்சா, உள்ள தண்ணி வந்துடுச்சுன்னு எவனும் கம்ப்ளெய்ன்ட் பண்ண முடியாது. ஓகே மேடம்!"

ஏழு மணிக் கோடு

கான்வென்ட்டில் மார்ஜின் கோடு வளைந்தால் எங்கள் சிஸ்டர் ஸ்கேலாலேயே முட்டியில் போடுவார். அவருக்கு மேல் ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்ததில்லை, ஒக்கலிபுரத்து ரகுவைப் பார்க்கும்வரை. பார்க்கும்வரை என்றால் குரூப்பில்தான். சாம்பிள் டயலின் படத்தைப் போட்ட பத்தாவது நிமிஷம், ஏழு மணிக் கோடு சாய்ந்திருக்கிறது என்று எழுதினார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், ஒரு மயிரிழை. பயந்துபோய், இது கண்ணுக்கே தெரியாதே என்று பதில் போட்டேன்.

ரகு எழுதினார்: "கையில கட்டினா தெரியாதுதான் மேடம். ஆனா இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

ஓனர் சொன்ன நாளை

எங்கள் வீடு முதல் மாடி. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் இரும்புப் படி, நேராகச் சந்துக்குள் இறங்கும். மழையில் கதவு ஊறி, இழுத்த இழுப்பில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. என் கணவர் ஆல்பர்ட்டுக்கு ஹோட்டலில் நைட் டூட்டி. நாங்களே ஒன்று மாட்டிக்கொள்கிறோம் என்றால் ஓனர் விடவில்லை, கதவில் கண்டபடி துளை விழுமாம். மூன்று வாரமாக அவர் ஆள் வந்துகொண்டே இருக்கிறான், வந்து சேரவில்லை. ராத்திரியில் ஒரு சூட்கேஸை முட்டுக்கொடுத்து வைத்தேன். வாட்ச் பெட்டி வந்த பிறகு அதைவிடக் கனமாக இருந்ததால் அதையே வைத்தேன். நேற்று முன்தினமும் ஓனரிடம் கெஞ்சினேன். வழக்கமான கன்னடப் பதில்தான், நாளைக்கு ஆள் வருவானாம்: "நாளே பர்த்தானம்மா, நாளே. திருடன் வந்தா என்னைக் கூப்பிடுங்க."

பளபளப்பு

முடிந்த வாட்ச் எப்படி இருக்கும் என்று எல்லோரும் துடித்தார்கள். புதன்கிழமை ஒன்றைச் சமையல் மேடையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். பின்மூடி கண்ணாடி மாதிரி மின்னியது. மற்றவர்கள் பூ போட்டார்கள், கைதட்டினார்கள். ரகு மட்டும் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். நானும் பெரிதாக்கினேன். பின்மூடிக்குள் எங்கள் சமையலறை. ஜெனியின் கால். பின்கதவு. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம்.

உடனே அழித்தேன். அதற்குள் நாற்பது பேரும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட மோசம், அதற்கு மேலே நானே எழுதியிருந்த வரி: வெள்ளிக்கிழமையிலிருந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இதுதான் விலாசம், ராத்திரியில் வேண்டாம், வீட்டுக்காரருக்கு நைட் டூட்டி. ஒரு வாட்ச்சுக்கு வேண்டிய பாகத்தையெல்லாம் தட்டில் எடுத்து வைப்பதுபோல வரிசையாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நேரில் முகம் பார்த்திராத நாற்பது பேருக்கு. ரகுவின் வரி மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது: "பாலிஷ் சூப்பர் மேடம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே?"

கிர்ர்ர்

மறுநாள் ராத்திரிதான் அந்தச் சத்தம். லைட் போடாமல் போய்ப் பார்த்தேன். கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே பெட்டி இன்னும் ஒரு விரல் நகர்ந்தது. நாற்பது தகடும் மறுபடி சுற்றின. முதுகைக் கதவில் கொடுத்துத் தள்ளி, ஹோட்டலில் இருக்கும் மனுஷனை, "ஆல்பர்ட், எழுந்திரிங்க! பின்னால யாரோ!" என்று கத்தினேன். தள்ளல் நின்றது. இரும்புப் படியில் ஒரு அடி, இன்னொரு அடி. அப்புறம் ஒன்றுமில்லை. ஜெனி எழுந்து அழ ஆரம்பித்தாள்.

கதவில் சாய்ந்தபடியே ஆல்பர்ட்டுக்கு ஃபோன் போட்டேன். அவர் சொன்னார்: "பூனையாத்தான் இருக்கும். ஆனா நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வர்ற வரைக்கும் நீ ஃபோனை வைக்காத."

ஆறு இஞ்ச்

மேனேஜர் விடவில்லை. விடிய விடிய ஃபோன் காதிலேயே இருந்தது. காலை எட்டு மணிக்கு முன்வாசலில் பெல். கிரில்லுக்கு வெளியே ஹெல்மெட்டோடு ஒரு ஒல்லிப் பையன். "ஒக்கலிபுரம் ரகு மேடம். ஆபீஸ் போற வழி." கிரில்லைத் திறக்கவில்லை. கம்பி வழியாக வாட்ச்சைக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து முதலில் ஏழு மணிக் கோட்டைத்தான் பார்த்தார். பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரு புதுத் தாழ்ப்பாள், நாலு ஸ்க்ரூ. "வாட்ச் முப்பத்தொன்பது மில்லிமீட்டர். அதை வச்சுக் கதவுல இருந்த தடத்தைக் கணக்குப் போட்டேன். ஆறு இஞ்ச். பின்மூடி வளைவுக்குக் கொஞ்சம் கழிச்சிருக்கேன்."

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். "ஆபீஸ்ல. ஏன் மேடம்?" என்றார். நிஜமா பொய்யா, கிரில்லுக்கு இந்தப் பக்கமிருந்து எப்படித் தெரியும்? நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. நான் மாட்டித் தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அதனாலேயே பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ஆல்பர்ட் வருவதற்குள், ஓனரைக் கேட்காமல், ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டே மாட்டினேன். தாழ்ப்பாள் பழைய தடத்தில் அச்சாக உட்கார்ந்தது. அதற்கு முன்பு, படியிறங்கும்போது ரகு திரும்பிச் சொன்னார்: "மாட்டினதும் போட்டோ மட்டும் போட்டுடாதீங்க மேடம்."

நாற்பது பேர் பார்க்கிற முகத்தை வரைய எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்த நாற்பது பேரையும் வெளியே வைக்க நாலு ஸ்க்ரூ போதும் என்று தெரிந்துகொண்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்து, உள்பக்கம் தாழ் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.