நூருல்லா பாய் வெட்டச் சொன்ன குழாய்

உப்பளத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது ஷமீமாவிடமிருந்து போன் வந்தது. நூருல்லா பாயின் மூத்த மகள். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தாங்க, அப்பிடியே சாஞ்சிட்டாங்க. லுஹருக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க" என்றாள். பெல்ட்டை அப்படியே போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

மரக்காணத்தில் அவரைப் பம்பு ரிப்பேர் பாயாகத்தான் பலருக்கும் தெரியும். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் பல வருடம் வேலை பார்த்தவர், திடீரென்று ஒருநாள் பெட்டியோடு வந்துவிட்டார், அங்கே ஏதோ தப்புச் செய்துவிட்டாராம் என்றும் சிலர் சொல்வார்கள். அந்தக் கதைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு ஒரே குழுவில் வேலை பார்த்தவன் நான்.

எங்கள் வேலை காயில் டியூபிங். சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே இரும்புக் குழாய், வீட்டளவு டிரம்மில் நூல்கண்டுபோலச் சுற்றியிருக்கும். அதை நிமிர்த்தி, கிணற்றுக்கு மேலே இருக்கும் ஒரு வளைவின் வழியாக உள்ளே இறக்குவோம். கிணற்றில் அடைத்த மணலைக் கழுவுவதும் அமிலம் செலுத்துவதும் அதன் வழியாகத்தான். வேலை முடிந்ததும் இழுத்து மறுபடி சுற்றிவிடுவோம். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எப்படி ஒடியுமோ, அப்படித்தான் அதுவும். ஒவ்வொரு முறை வளையும்போதும் அதன் ஆயுள் கொஞ்சம் குறையும்.

மற்ற குழுக்களின் குழாய்கள் கழிவு இரும்பாகப் போன பிறகும் பாயின் குழாய் வேலையில் இருக்கும். அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எந்த இடம் எத்தனை தடவை வளைந்தது, அப்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுவார். சில வேலைகளுக்கு ஒருமுறை நுனியில் கொஞ்சம் வெட்டிவிடுவார். அடுத்த தடவை வளைவு வேறு இடத்தில் விழும். "ஒரே எடத்துல அடி விழுந்தா எந்த இரும்பும் தாங்காதுப்பா" என்பார். குழாய்க்கு ஜாதகம் எழுதுகிறார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாக இருந்தது கழுவுவதில். அமில வேலை முடிந்தால், உள்ளே தங்கிய அமிலம் இரும்பை அரிக்காமலிருக்க, சோடா கரைத்த தண்ணீரைக் குழாயின் கடைசி நுனிவரை செலுத்தி, பிறகு நைட்ரஜன் அடித்து உலர்த்த வேண்டும். "வேலை செஞ்சு சாகுற குழாய் கம்மி. சும்மா கெடக்கும்போது சாகுறதுதான் ஜாஸ்தி" என்று சொல்வார்.

ஒருமுறை அந்தக் கழுவும் வேலை என் பொறுப்பில் இருந்தது. மறுநாள் காலை எனக்கு விமானம். ஊரில் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. கழுவுகிற தண்ணீர் முக்கால் குழாய்தான் போயிருக்கும், பம்பை நிறுத்திவிட்டேன். "முடிஞ்சுதா ஏழுமல?" என்று கேட்டார். "முடிஞ்சுது பாய்" என்றேன். என்னை நம்பி அவர், கழுவியாயிற்று என்ற படிவத்தில் கையெழுத்திட்டார். "போப்பா, நல்லபடியா பொறக்கட்டும்" என்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார்.

மகன் பிறந்து, விடுமுறை முடிந்து திரும்பினேன். அதுவரை அந்தக் குழாய்க்கு வேலை வரவில்லை. வெயிலில் அப்படியே கிடந்தது. ஆழமான கிணறு ஒன்று காத்திருந்தது. இறக்குவதற்கு முதல்நாள் சோதனைக்காகத் தண்ணீர் விட்டபோது, நுனியிலிருந்து செம்பழுப்பாக வழிந்தது. பாய் விரலில் தொட்டுப் பார்த்தார்.

"கழுவினியாப்பா?"

"கழுவினேன் பாய்."

விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் காலை எல்லோரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வளைவுக்குக் கீழ இன்னிக்கு ரெண்டு பேர் நிப்பாங்க. அழுத்தத்துல குழாய் கிழிஞ்சா அவங்க இருக்க மாட்டாங்க. இப்ப சொல்லு. கழுவினியா?"

"இல்ல பாய்" என்றேன். எவ்வளவு கழுவினேன் என்பதையும் சொன்னேன்.

தலையை ஆட்டிவிட்டு நேராக மேலாளரிடம் போனார். குழாயை இறக்க முடியாது, கடைசிக் கால்பங்கை வெட்ட வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் கணக்குப்படி ஆயுள் இருக்கிறதே என்று மேலாளர் கத்தினார். "கம்ப்யூட்டருக்கு வளைஞ்சது தெரியும் சார், அரிச்சது தெரியாது" என்றார் பாய். வெட்டினார்கள். ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது உள்ளே அம்மைத் தழும்புபோலக் குழிகள். ஒரு குழியில் காகிதத் தடிமனுக்குத்தான் இரும்பு மிச்சம்.

மீதிக் குழாய் அந்தக் கிணற்றின் ஆழத்துக்கு எட்டவில்லை. வேலை வேறொரு நிறுவனத்துக்குப் போனது. யார் கழுவியது என்று விசாரணையில் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் பாய், "கையெழுத்து என்னுது. பாக்காம போட்டது என் தப்பு" என்று முடித்துவிட்டார். அதன் பிறகும் நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் வெட்டி மிச்சம் வைத்த குழாய், ஆழம் குறைந்த கிணறுகளில் இன்னும் ஒன்றரை வருடம் உழைத்தது. நான் அதற்கு மேலும் பல வருடம் அங்கேயே இருந்தேன்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் கடைக்குப் போவேன். ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தேன். "நீதான் சொல்லிட்டியேப்பா. சொல்லாம இருந்திருந்தா ரெண்டு வீட்டுக்குப் பொட்டி போயிருக்கும்" என்றார். "உங்க வேலை போச்சே பாய்" என்றேன். "போச்சு. கஷ்டமாத்தான் இருந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ வாங்க எழுந்துபோனார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஷமீமா நாற்காலி போட்டாள். அவள் அம்மா, கணவரை இழந்த பெண்கள் வெளியாட்கள் முன் வராமலிருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது.

"எங்கிட்டகூட பேர் சொல்லல. யாரோ பையன், புள்ள பொறக்கற அவசரம்னு மட்டும்தான் சொன்னாங்க." பிறகு, "அவங்க இருக்கும்போதே வந்து நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

அதனால்தான் இப்போதாவது அவரைத் தெரிந்த உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். நூருல்லா பாய் தப்புச் செய்து ஊர் திரும்பியவர் அல்ல. தப்புச் செய்தவன் நான், ஏழுமலை. ஒரு பொய்யைக் கேட்ட பிறகும், உண்மையைச் சொல்ல எனக்கு ஓர் இரவு அவகாசம் தந்து, மறுபடி ஒருமுறை கேட்டாரே, அதைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகனிடம் எதையாவது கேட்டு, அவன் கண் தாழ்ந்தால், நான் உடனே கத்துவதில்லை. மறுநாள் காலைவரை பொறுத்திருந்து, மறுபடி கேட்கிறேன்.