கமோமே கடையில் பிரிவுப் பாட்டுக்குத் தடை

ஜப்பானில் எங்கள் ஹச்சினோஹே துறைமுகப் பக்கம் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் சவாகுச்சி மிட்சுகுவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிப் பள்ளிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் அவர் தொழில். வாயைத் திறந்தால் "கண்ணாடியப் பாரு", "வேகத்தக் குறை", அவ்வளவுதான். சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த மனிதர் திங்கட்கிழமை மதியம், பள்ளிக்கு விடுமுறையென்று திரையில் வரி ஓட, இசைக்கு ஏற்றபடி நாமே பாடும் கமோமே கரோக்கே கடைக்கு வந்து மைக்கைப் பிடித்தால் ஆளே மாறிவிடுவார். "முதல் படகு" என்ற பிரிவுப் பாட்டு அவருடையது. துறைமுகத்துப் பெண்ணொருத்தி தன் புருஷனிடம் சொல்வதாக வரும் பாட்டு. கயிறு இழுத்துக் கை காய்ப்பேறிய ஆண்கள்கூட மனமுடைந்த பெண்ணாக உருகிப் பாடுவது எங்கள் பக்கத்தில் சகஜம், யாரும் சிரிப்பதில்லை. மிட்சுகு "படகு" என்ற சொல்லை மேலே தூக்கி, அங்கேயே நிறுத்தி, மூன்று சுழி சுழித்துக் கீழே இறக்குவார். மதிப்பெண் போடும் இயந்திரமே அசந்துபோகும்.

கமோமேயில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தப் பாட்டு. அடுத்தவர் பாட்டை மற்றவர் தொடக் கூடாது. அடுத்தவர் பல்துலக்கியை எடுத்து வாயில் வைத்துக்கொள்வோமா, அப்படித்தான். இருபது வருஷமாக "முதல் படகு" பக்கம் வேறு யாரும் போனதில்லை.

இப்படி இருக்கையில், பனி உருகும் சமயத்தில் மிட்சுகுவின் மனைவி டோமியே வீட்டை விட்டுப் போய்விட்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வேறொருவன் கதையும் இல்லை. மொரியோகாவில் தங்கை நடத்தும் சாப்பாட்டுப் பொட்டலக் கடைக்குப் போகிறாளாம். வாசலில் குனிந்து செருப்பை மாட்டியபடியே சொன்னாள்.

"சொல்ல வேண்டியதெல்லாம் எத்தனையோ தடவ சொல்லிட்டேங்க. இனிமே புதுசா சொல்ல ஒண்ணுமில்ல."

மிட்சுகு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "மழ வரும்போல இருக்கு, குடை இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்புறம் அவர் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தார். எத்தனையோ தடவை சொன்னாளாமே, என்ன சொன்னாள்? மண்டையைக் குடைந்து பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தோடு அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. என்ன பேசினாள் என்பது மட்டும் வரவில்லை. ஏன் போனாள் என்று தெரியாமல் எப்படி அழுவது? அழுகை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. சரி, திங்கட்கிழமை கமோமேக்குப் போய் "முதல் படகு" பாடினால் இறங்கிவிடும் என்று தேற்றிக்கொண்டார். பிரிவுப் பாட்டு வேறெதற்கு இருக்கிறது?

ஆனால் அதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கடைக்கார கிவா அம்மா அவர் வருவதற்கு முன்பே எல்லோரையும் கூட்டி உத்தரவு போட்டுவிட்டாள்.

"வாத்தியார் முன்னாடி யாரும் பிரிவுப் பாட்டு பாடப்படாது. மனுஷன் நொந்துபோயிருக்காரு."

"அப்ப கல்யாணப் பாட்டு?" என்று கேட்டார் ஐஸ் தொழிற்சாலை ஷோஜி.

"அடப்பாவி! அது இன்னும் மோசம்."

"அப்புறம் என்னத்தப் பாடுறது? மிஷின்ல மிச்சம் இருக்குறது தேசிய கீதந்தான்."

ஷோஜி சொன்னதில் தப்பில்லை. கமோமேயில் பாடப்படுபவற்றில் துறைமுகம், மழை, மது, கடைசி ரயில் என்று ஏதாவதொரு சாக்கில் யாராவது யாரையாவது பிரியாத பாட்டு கிடையாது. இருந்தாலும் வாத்தியாருக்காக எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். முடிதிருத்தும் கடை கினுகோ தவளைகளை எண்ணும் குழந்தைப் பாட்டைப் பாடினாள். ஷோஜி, கடல்சிங்கம் போன்ற தொண்டையால், தான் படித்த ஆரம்பப் பள்ளியின் பாட்டை நாலு சரணமும் விடாமல் பாடினார். ஒருவர் பற்பசை விளம்பரத்தைப் பாடினார். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் முறைப்படி கைதட்டினார்கள்.

மிட்சுகு பாட்டுத் தேர்வுப் பலகையை நோக்கிக் கையை நீட்டும்போதெல்லாம் அந்தக் கையில் யாராவது ஊறுகாய்த் தட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை தப்பித்துப் பாட்டு எண்ணை அடித்தேவிட்டார். கிவா அம்மா பின்னால் போய் எதையோ பிடுங்கினாள், திரை இருண்டது.

"அந்தப் பாட்டு மட்டும் ஏதோ கோளாறு, வாத்தியாரே. ரிப்பேர் ஆளுக்குச் சொல்லியிருக்கேன்" என்றாள் கூசாமல்.

மிட்சுகு முட்டாளில்லை. புரிந்துவிட்டது. ஆனால், "எனக்குப் பரவாயில்ல, பாடுங்க" என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டதாகிவிடுமே. அவர்களுக்கு அது எவ்வளவு சங்கடம்! ஆகவே அவர்கள் தெரியாததுபோல் நடித்தார்கள், இவர் அவர்கள் நடிப்பு தெரியாததுபோல் நடித்தார். வாராவாரம் தவளைப் பாட்டைக் கேட்டு, ஊறுகாயை மென்று, அழாமலேயே வீட்டுக்குப் போனார். வேலையில் மாணவர்கள் ஒழுங்காக ஓட்டும்போதும் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். எனக்கே அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

செர்ரிப் பூக்கள் உதிர்ந்த வாரத்தில் ஷோஜி வெடித்துவிட்டார்.

"போதும்மா! தவளை, ஆமை, பற்பசை! இதையே பாடிப் பாடி என் நுரையீரலே சுருங்கிப்போச்சு. டோமியேம்மா வீட்ட விட்டுப் போனா, நாங்கெல்லாம் ஏன் மழலையர் பள்ளிக்குப் போகணும்?"

கினுகோ கையிலிருந்த காபியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஷோஜி அதோடு விடவில்லை, பலகையை எடுத்து எண்ணை அடித்தார். திரையில் கறுத்த கடல் தெரிந்தது. "முதல் படகு"! அடுத்தவர் பாட்டு!

மனிதர் பாடவும் செய்தார். அதைப் பாட்டென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஐஸ்கட்டியை இழுத்துக்கொண்டு போவதுபோல் தாளத்துக்குப் பின்னாலேயே வந்தார். மேலே போக வேண்டிய "படகு" பாதியிலேயே மூழ்கியது. மிட்சுகுவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"நிறுத்துய்யா! அது என் பாட்டு!"

"உங்க பாட்டுன்னா பாடுங்களேன். யாரு வேண்டாங்குறா?" என்று மைக்கை நீட்டினார் ஷோஜி.

மிட்சுகு வெடுக்கென்று பிடுங்கினார். இரண்டாம் சரணம் வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடுவதுதான் அவர் வழக்கம். வரிகள் தலைகீழாக மனப்பாடம், சுழியில்தான் எப்போதும் கவனம். இன்று கோபத்தில் கண் திறந்திருந்தது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டு வந்தன.

"விளக்கேற்றிக் காத்திருந்தேன், வந்தாய், படுத்தாய்,
விழித்திருந்தது ஏனென்று நீ கேட்கவில்லை.
நூறு முறை சொல்லிவிட்டேன், சுவரிடம் சொன்னேன்,
நாளை முதல் படகில் நான் போகிறேன்."

"போகிறேன்" என்ற இடத்தில் குரல் நின்றது. இசை தன்பாட்டுக்கு ஓடியது. மிட்சுகு மைக்கை வாயருகே வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது... இந்தப் பொம்பள டோமியே மாதிரியே பேசுறாளே" என்றார். மைக் வழியாகக் கடை முழுக்கக் கேட்டது.

கினுகோ காபியை மேசையில் வைத்தாள்.

"இருவது வருஷமா அவ இதத்தான் பேசுறா, வாத்தியாரே. நாங்கெல்லாம் கேட்டுக்கிட்டுதான இருந்தோம். பாடுன உங்களுக்கு இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சா?"

மிட்சுகுவின் முகம் கோணியது, தோள் குலுங்கியது. வாரக்கணக்கில் நின்றிருந்தது பிய்த்துக்கொண்டு வந்தது. வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி அழுதார். கிவா அம்மா துண்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். இயந்திரம் ஒரு கேவலமான மதிப்பெண்ணைக் காட்டியது. எல்லோரும் வழக்கப்படி கைதட்டினார்கள்.

ஷோஜி தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். "அழுது முடிச்சாச்சில்ல? அப்ப நான் என் ரயில் பாட்டு போட்டுக்கட்டுமா?"

"கொஞ்சம் இருய்யா" என்று மிட்சுகு துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் அந்தக் கடையில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். "முதல் படகு" எண்ணை மறுபடி அடித்துவிட்டு, மைக்கைக் கினுகோவின் கையில் கொடுத்தார்.

"நீங்க பாடுங்கம்மா. முதல் வரியிலேருந்து பாடுங்க."

"நானா? உங்க பாட்டையா?"

"பொம்பளைங்க யாராச்சும் சொல்லட்டும். நான் கேக்கணும்."

கினுகோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தாள். மிட்சுகு மடியில் கையை வைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.