அப்பாவின் முப்பத்திநாலு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுங்காலோடு ஏறி நின்றால், எடை இயந்திரத்தின் தகடு உள்ளங்கால் வழியே முழங்கால்வரை சில்லிடும். புனேயில் லோஹேகாவ் வாடகை வீட்டில், ஏழாம் வகுப்பு படித்த அந்தக் குளிர்காலம் முழுக்க வாரந்தோறும் எனக்கு இந்தத் தண்டனை. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்த அப்பா குனிந்து முள்ளைப் பார்ப்பார். "என்னட்டி, அரைக்கிலோ கூடியிருக்கே! குறையலன்னா கோ-கோ ஆட்டம் கிடையாது, முட்டி போயிரும்" என்பார். தெருப் பிள்ளைகளுக்கு நான் "மோட்டி", குண்டச்சிதான். ஆனால் பள்ளி அணியில் என்னைத் துரத்திப் பிடித்தவர்கள் குறைவு, அந்த ஆட்டத்தையும் பறிகொடுத்தால் எனக்கென்று எதுவுமே மிஞ்சாது என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கோ தன் உடம்பைப் பற்றித் தாங்கமுடியாத பெருமை. கைகால் குச்சியாக இருக்கும், எடை அட்டவணைக்குள் நிற்கும். "பட்டாளத்துல இருந்தப்ப தச்ச பேன்ட் முப்பத்திநாலு, இன்னைக்கும் முப்பத்திநாலுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவர்களும் தலையாட்டிவிட்டு என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அந்த மாதம் பள்ளிக்கு வந்த ஒரு லேடி டாக்டர், எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், தொப்புள் மட்டத்தில் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் முன்னே வந்தாலும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்துதான் என்று இந்தியில் விளக்கினார். வீட்டுக்கு வந்து அம்மாவின் தையல் டேப்பால் அளந்து பார்த்தேன். நான் பாதிக்குள் இருந்தேன்!

அடுத்த ஞாயிறு நான் ஏறவில்லை. "மொதல்ல நீங்க நில்லுங்கப்பா" என்று டேப்பை நீட்டினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, டேப்பை வாங்கி அவர் பனியனைத் தூக்கினாள். அப்பா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வயித்த எக்காதிய, மூச்ச விடுங்க" என்றாள் அம்மா.

முப்பத்தெட்டரை அங்குலம். இருபது வருடமாக அவர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கி இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார், அளந்ததெல்லாம் அந்த இடத்தைத்தான். அவர் உயரத்துக்கு முப்பத்திமூன்றைத் தாண்டியிருக்கக் கூடாது. "டேப்பு பழசு" என்று முணுமுணுத்தவரை அம்மா விடவில்லை, அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கண்ணைப் பாதித்திருக்கும் என்றார்களாம்.

அதன்பிறகு மாத்திரை, காலை நடை, அளவுச் சாப்பாடு எல்லாம் அவருக்கும் வந்தன. என் ஆட்டத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் அனுமதி கேட்காமலே ஆடிக்கொண்டிருந்தேன்.

லோஹேகாவில் இன்று அந்த வீடும் இல்லை, நாங்கள் ஆடிய மைதானத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. புனேயிலேயே வாகட் பகுதியில் இருக்கும் நான் இப்போதும் ஒல்லியில்லை. வருடம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன், தினமும் நடக்கிறேன். கல்யாண வீடுகளில் "உடம்பக் கொஞ்சம் குறைம்மா" என்பவர்களிடம் "கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க?" என்று கேட்டு வாயடைக்கிறேன், அதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு அப்பா இருபத்திரண்டு வருடம் இருந்தார், கடைசிவரை பேப்பரைத் தானே படித்தார். நீ செய்தது சரி என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும், அந்த இருபத்திரண்டு வருடமும் நான் எதிர்த்து நின்று வாங்கியது.