தாய்மாமன் மடியும் என் காப்புரிமையும்

"இம்புட்டு ரத்தத்த எடுத்துட்டுப் போறியே தாயி... திரும்ப இந்தப் பக்கம் வருவியா?"

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் பேச்சியம்மாள் இப்படிக் கேட்டு மூன்று மாதமாகிறது. அவர் சின்ன மகனின் விரலில் நான் எடுத்தது ரெண்டு சொட்டு. அதற்கே இந்தச் சந்தேகம்! "வராம எங்கக்கா போவேன்?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

எங்கே போனேன்? வக்கீலைத் தேடிப் போனேன்.

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இப்போது மரபியல் ஆராய்ச்சி மாணவி. தலைக்கனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

விஷயம் இதுதான். மலேரியா மறுபடி வராமலிருக்கக் கொடுக்கும் ஒரு மாத்திரை, சில ஆண்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுப்பாகப் போகும். உயிருக்கே ஆபத்து வரலாம். அம்மா வழியாக மகனுக்கு வரும் கோளாறு இது. அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது; அம்மாவின் அண்ணன் தம்பிக்கு இருந்தால் மகனுக்கும் இருக்க வாய்ப்புண்டு. ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் சோதனை மதுரையில் எங்கள் லேபில். மாத்திரை கொடுக்கும் நர்ஸோ கிராமத்தில்.

யாருக்கு யார் மாமன் என்று படம் போட வீடு வீடாகப் போனேன். "அம்மாகூடப் பிறந்தவங்க யாரு?" என்று கேட்டால், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊரில் பத்து மாமன்கள் வந்து நின்றார்கள். கூடப் பிறந்தவர், ஒன்றுவிட்டவர், முறைக்கு மாமன்... என் பென்சில்தான் தேய்ந்தது.

ஒருநாள் கேள்வியை மாற்றினேன். "இவனுக்குக் காது குத்துறப்ப யார் மடியில உக்காந்தான்? அந்த மாமனுக்கு மாத்திரை ஒத்துக்கிச்சா?"

டக்கென்று பதில் வந்தது. காதுகுத்தில் மடி கொடுத்த தாய்மாமனை எந்தக் குடும்பம் மறக்கும்? கேள்வியில் சிக்கிய பையன்கள் பலர் ரத்தச் சோதனையிலும் சிக்கினார்கள். பேச்சியம்மாளின் சின்னவன் உட்பட.

எனக்குக் கால் தரையில் படவில்லை. நோய் உலகத்துக்குத் தெரிந்ததுதான்... ஆனால் கேள்வி என்னுடையதாயிற்றே! வெளியே சொல்லிவிட்டால் காப்புரிமை கிடைக்காது என்று எங்கோ படித்திருந்தேன். என்ன செய்தேன்? கேள்வி, படம், சோதனை முடிவு எல்லாம் இருந்த நோட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நர்ஸிடம்கூட மூச்சு விடவில்லை.

செல்லூரில் விசைத்தறி ஓட்டும் அப்பாவிடம் மட்டும் சொன்னேன்.

"அப்ப இந்தக் கேள்விய வேற ஆரும் கேக்கக் கூடாதாக்கும்?"

"என் அனுமதி இல்லாம கேக்க முடியாதுப்பா."

"அடேயப்பா!" என்றார். பெருமையா, கிண்டலா — இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம்தான் வக்கீல் நேரம் கொடுத்தார். முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நோய நீயா உண்டாக்குன?"

"இல்ல சார்."

"அது அவங்க ரத்தத்துல இருக்கு. இருக்கிறதப் பாத்ததுக்கெல்லாம் உரிமை கிடையாது. மனுசனுக்கு வைத்தியம் பண்ற முறைக்கும் நம்ம சட்டத்துல கிடையாது. மடியும் மாமனோடது. என்னத்தம்மா பதியச் சொல்ற?"

மூன்று மாதமாக நான் காவல் காத்தது காலி வீட்டை!

மறுநாளே பஸ் பிடித்தேன். பேச்சியம்மாள் வாசலிலேயே இருந்தார்.

"வந்துட்டியே! சின்னவனுக்குக் காச்சல் தாயி. நர்ஸம்மா ரத்தத்துல மலேரியான்னு பாத்துட்டு அந்த மாத்திரைய குடுத்துச்சு."

"முழுங்கிட்டானா?"

"எப்பிடி முழுங்க விடுவேன்? அவன் உக்காந்தது எந் தம்பி மடியில. கறுப்பா ஒண்ணுக்குப் போயி ஆஸ்பத்திரியில கெடந்தவன் அவந்தான? வாரப்பல்லாம் நீ இதையேதான கேட்ட... எங்களுக்கு வெளங்காதா? நர்ஸம்மாகிட்ட சொன்னேன். அந்த மாத்திரைய நிறுத்திட்டு டாக்டருகிட்ட அனுப்புச்சு. இப்பத் தேவல. எங்க தெருப் பொம்பளைக எல்லாரும் இப்ப இதத்தான் கேக்குறோம்."

என் ரகசியத்தின் லட்சணம் பார்த்தீர்களா? பூட்டு பெட்டியில், கண்டுபிடிப்பு தெருவில்.

அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மேலத்தெருவுக்கு நீ போகலையே தாயி. அங்க ஒரு பயலுக்குக் குடுத்துட்டாக. மதுரையில ரத்தம் ஏத்துறாக."

அடுத்த பஸ்ஸில் திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பையன் வெளிறிப்போய்ப் படுத்திருந்தான். பிழைத்துவிட்டான் என்றார்கள். அவன் அம்மாவிடம் கேட்டேன் — காதுகுத்தில் யார் மடியில்?

"எங்கண்ணன் மடியிலதான். அதுக்கும் ஒருக்கா இப்பிடி ஆச்சு..." என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆரும் கேக்கலையேம்மா."

காப்புரிமை வாங்கப் போனவளுக்குக் கிடைத்த சான்றிதழ் இதுதான்.

கேள்வியைக் கார்பன் வைத்து எழுதி, நர்ஸிடம் கொடுத்துவிட்டேன் — மாமனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாத்திரைக்கு முன் டாக்டர். மாமன் அந்த மாத்திரையே தின்றதில்லை என்றால் முதலில் ரத்தச் சோதனை. சோதனை முடிவுகளும் அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

வக்கீல் வாசல்வரை வந்து இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஒரு விஷயம் அச்சில் வந்துவிட்டால், பிறகு யாரும் அதைத் தன் புதுக் கண்டுபிடிப்பு என்று பதிய முடியாதாம்.

இதோ, அச்சில் வந்தாச்சு. தாராளமாகக் கேளுங்கள்... என் அனுமதியெல்லாம் வேண்டாம்!