உப்புத்தாள் போட்ட கத்தி

பழைய மடக்குக் கத்தி என்றால் எனக்குப் பைத்தியம். ஜெகதளாவில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஓர் அக்கா விற்ற சாமான்களில், கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்று கிடைத்தது. அன்றே உப்புத்தாளால் பிடியிலிருந்த கீறல்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

இன்னும் வேறு கத்தி இருக்குமா என்று கேட்க, மறுநாளே அதோடு அந்த அக்கா வீட்டில் போய் நின்றேன்.

"கொஞ்சம் குடுங்க தம்பி. எங்கூட்டுக்காரரு இருந்தப்ப அதுல எம் பேரைக் கீறி வச்சிருந்தாருங்க. அவரு கையெழுத்துன்னு வேற ஒண்ணுமில்ல. ஒருக்காத் தடவிப் பாத்துட்டுத் தர்றேன்."

வழவழவென்றிருந்த பிடியை வெகுநேரம் தடவினார். "நல்லாப் பளபளன்னு பண்ணிட்டீங்க" என்று கத்தியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்தக் கீறல்களை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. இப்போது எந்தக் கத்தி வாங்கினாலும் துணியால் துடைப்பதோடு சரி.